கொய்யா கடிக்காத வேட்பாளர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலம்.

நான் இதுவரை போட்ட ஓட்டு அத்தனையும் பல்லைப் பார்த்துப் போட்டவை. கட்சி, கொள்கை, சொந்தக்காரன், தெரிந்தவன் எதுவும் கிடையாது. சுவரொட்டிக்கு முன்னால் போய் நிற்பேன். மேல் வரிசை ஒழுங்காக இருந்தால் என் ஓட்டு அவருக்கு. ஒரு தடவை, ஈறு தெரியாமல் அளவாகச் சிரித்த ஒருவருக்கு மனம் நிறைந்து ஓட்டுப் போட்டேன். அவர் ஜெயித்து, பதவிக்காலம் முழுக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் மென்று தீர்த்தார். என் கணிப்பு தப்பவில்லை பாருங்கள். உண்மையிலேயே நல்ல பல். என் மனைவி பாக்கியம் அன்றைக்குத்தான் தலையில் அடித்துக்கொண்டாள். "மாட்டுச் சந்தையிலதான் பல்லப் பிடிச்சுப் பாத்து விலை பேசுவாக. இவுக ஆளுக்கும் அதத்தான் பாக்காக."

தொழில் அப்படி. ராஜபாளையத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்யும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லாரி மெக்கானிக் லாரிக்கு அடியில் கிடப்பான். நான் வாய்க்கு வெளியே கிடந்தேன். வண்டி நன்றாக ஓடும்போது இரண்டு பேரையும் யாரும் நினைப்பதில்லை.

போன வாரம் பழைய இடத்துக்குச் சும்மா போயிருந்தேன். இப்போது பின்னறையில் மெழுகு வாடை இல்லை, பிளாஸ்டர் தூசி இல்லை. ஏசி ஓடுகிறது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வாய் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் நாற்காலியில் இப்போது இருப்பவள் பிரியா; கிருஷ்ணன்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, வாய் சுத்துதா, தலை சுத்துதா?"

"ரெண்டும் சார். ஒரு வேட்பாளர் வந்துட்டுப் போனாரு. பேனர் அடிச்சாச்சாம். பேனர்ல பல்லு ரெடி. வாயிலதான் இல்ல. அதுல இருக்க மாதிரியே செஞ்சு தாங்கன்னுட்டுப் போயிட்டாரு."

போனில் படத்தைக் காட்டினாள். பேனர் செய்த புண்ணியவான் தாராளமானவன். கடவுள் கொடுத்ததைவிட இரண்டு மூன்று அதிகமாகவே வைத்திருந்தான்.

"உங்க காலத்துல எலெக்‌ஷன் சீசன எப்படி சார் சமாளிச்சீங்க?"

நான் உற்சாகமாகத் தொடங்கினேன். அதற்குள் அவளுக்குப் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களுக்குப் பஸ் பிடிக்கிற அவசரம் இருக்காது என்று நம்புகிறேன்.

நான் தொழில் படித்ததெல்லாம் பெரிய கதையில்லை. பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மதுரையில் ஒரு பல் லேப் என்னை எடுத்துக்கொண்டது. முதலில் பிளாஸ்டர் குழைத்தேன். பிறகு துணிசோப்பில் பல் செதுக்கிப் பழகினேன். நான் செதுக்கிய முதல் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு மேஸ்திரி, "இது என்ன, இட்லியா?" என்று கேட்டார். அது இட்லியிலிருந்து பல்லாக மாறும் வரைக்கும் அங்கே இருந்தேன். பிறகு ஊருக்கு வந்து டாக்டர் எமிலியிடம் சேர்ந்தேன்.

டாக்டரம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பாடுகிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. நான் செய்த செட் சரியில்லை என்றால் அதைக் கொண்டுவந்து என் மேசையில், கழுவிய டம்ளரைக் கவிழ்ப்பது போலக் கவிழ்த்து வைப்பார். பிறகு ஏதாவது ஒரு கீர்த்தனையை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான். திட்டினால் பதில் சொல்லலாம். கீர்த்தனைக்கு என்ன பதில் சொல்ல? இன்றைக்கும் யாராவது பக்கத்தில் முணுமுணுத்தால் எனக்குக் கை வியர்க்கிறது.

பல்லின் நிறத்தை அவர் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கவேண்டும். நோயாளியை டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்கமாட்டார். ஜன்னலோரம் கூட்டிப்போய், வெயில் முகத்தில் படாமல் வெளிச்சம் மட்டும் படும்படி நிறுத்துவார். பெண்களை உதட்டுச்சாயத்தைத் துடைக்கச் சொல்லுவார். சாவிக்கொத்துப் போல மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை எடுத்து ஒவ்வொன்றாக உதட்டோரம் பிடிப்பார். பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பார். கண்ணைவிடப் பல் வெளுத்திருந்தால் ஆளுக்கு முன்னால் பல் தனியாக நடந்து வரும் என்பது அவர் கணக்கு. மெழுகில் அடுக்கிய பல்லை வாயில் வைத்துப் பார்க்கும் நாளில், "சிவகாசி சொல்லுங்க" என்பார். விசில் அடித்தால் முன்பல் தப்பு. "பாப்பா சொல்லுங்க" என்பார். உதடு ஒட்டாவிட்டால் உயரம் தப்பு. அப்புறம் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். அந்த ஒரு வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். நான் வாயைத் திறக்கவேண்டும் என்றுகூட இல்லை, அறைக்குள் வந்து நின்றாலே சிரிப்பார்கள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் எங்கள் வாசலில் வேறுமாதிரிக் கூட்டம். அதில் ஒருவர் வந்து உட்கார்ந்து, பட்டையைத் தள்ளிவிட்டு, தன் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். "இந்த வெள்ளை வேணும்."

டாக்டரம்மா வேட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "வேட்டியைத் தினமும் மாத்திக்கலாம்" என்றார்.

அவர் கோபித்துக்கொண்டு வேறு எங்கோ போய் அந்த வெள்ளையையே வாங்கிவிட்டார். பொதுக்கூட்டத்தில் கரண்ட் போனபோதும் மேடையில் அவர் இருக்கிற இடம் தெரிந்தது என்று சொன்னார்கள். ஓட்டுக் கேட்கிறாரா, பற்பொடி விற்கிறாரா என்று குழம்பியே ஜனங்கள் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

எங்களிடம் ஒரு பின்வாசலும் உண்டு. மதியம் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் பெரிய மனிதர்கள் அந்த வழியாக வருவார்கள். டாக்டரம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று: "இந்த வாசலைத் தாண்டினா, யார் வாயில என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது." அலமாரியில் வரிசையாக இருக்கும் பிளாஸ்டர் தாடைகளில் பெயர் எழுதமாட்டோம், எண் மட்டும்தான். ஆனால் எனக்கு எண்ணும் வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஆள் தெரியும், தாடையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். எனக்கோ வாய் நிற்காது. ஓட்டைவாயன் ஒருவனை ரகசியங்களுக்குக் காவல் வைத்ததுதான் டாக்டரம்மா செய்த ஒரே தப்பு.

அந்தச் சட்டத்துக்கு வந்த சோதனையைத்தான் சொல்லப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், பல்லை மாற்றவில்லை.

அது ஊராட்சித் தேர்தல். மகாராஜபுரம் தாண்டி ஒரு கிராமம். பாக்கியத்தின் அக்காவை, என் மதினியை, அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே தலைவராக இருந்த பெரியசாமி அண்ணாச்சி மறுபடியும் நின்றார். அவரை எதிர்த்து சரோஜாக்கா. கட்சிச் சின்னம் கிடையாது. தேர்தல் ஆபீசில் ஒதுக்குவதுதான் சின்னம். விதியின் குறும்பைப் பாருங்கள், சரோஜாக்காவுக்குக் கிடைத்தது சீப்பு. அவருக்கோ மேல் வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. அன்றைக்கே டீக்கடையில் பேச்சாகிவிட்டது: "அந்தம்மாவுக்குப் பல்லு சீப்புலதான் இருக்கு."

மறுநாள் காலை சரோஜாக்கா எங்கள் வாசலில் நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்து, பிறகு நின்றுவிட்டவர். ஈறு நோய் வந்து சின்ன வயதிலேயே மேல் பல் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த முந்தானை வாயைவிட்டு இறங்கவில்லை.

"எதுக்கும்மா தேர்தல்ல நிக்குறீங்க?" அச்சு எடுக்கும் பசையைக் குழைத்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்.

"தண்ணிக்கு, டாக்டரம்மா. டேங்க் நெறையத் தண்ணி கெடக்கு. வால்வு மேலத்தெருவுல இருக்கு. அவிய குளிச்சு, மாட்டக் குளிப்பாட்டி, பொறவு மனசு வந்தா கீழத்தெருவுக்குத் தொறப்பாக. எங்களுக்கு வாறதுக்குள்ள டேங்க் காலி. ஆபீஸ்ல போயி எம்புட்டோ மட்டம் சொல்லியாச்சு. வாயப் பொத்திக்கிட்டுச் சொல்லுதேனா, ஒருத்தருக்கும் வெளங்கல. 'பாவம், பணிவான பொம்பள'ன்னு அனுப்பி வச்சிருவாக. பணிவெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா. பல்லு இல்ல, அம்புட்டுதான்."

டாக்டரம்மா குழைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு இன்னும் வேகமாகக் குழைத்தார்.

பழைய போட்டோ கேட்டோம். சரோஜாக்காவிடம் இருந்தது மில் அடையாள அட்டை ஒன்றுதான். யாரோ கூப்பிட்டுத் திரும்பியபோது எடுத்த மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது. டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முன்பல் ஒன்று இம்மி திரும்பி, பக்கத்துப் பல்மேல் தோள் சாய்த்திருந்தது. அதை அப்படியே வைக்கச் சொன்னார். நான் அழகாக நேராக அடுக்கிக் காட்டினேன். செட் என் மேசையில் கவிழ்ந்தது. கீர்த்தனை கேட்டது. மறுபடியும் மெழுகை உருக்கி அந்தப் பல்லைத் திருப்பினேன்.

செட் மாட்டிய அன்றைக்கு சரோஜாக்கா கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "சீப்புச் சின்னத்தில் வாக்களியுங்கள்" என்று சொல்லிப் பார்த்தார். ஒரு விசில் இல்லை. பிசிறு இல்லை. நான் கைதட்டிவிட்டேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். பல் முளைத்த பிறகுதான் வினை முளைத்தது. இத்தனை நாள் வாயைப் பொத்திப் பேசியபோது 'அடக்கமான பொம்பள' என்று சொன்ன அதே டீக்கடை, இப்போது, "பாத்தியா, பல்லு வந்ததும் திமிரும் வந்துருச்சு" என்றது. ஆள் அதே ஆள். கேட்டது அதே தண்ணீர். கை மட்டும் வாயைவிட்டு இறங்கியிருந்தது. அதற்கே இவ்வளவு பேச்சு. ஓட்டுப் போடுகிறவர்கள் எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் அந்த டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

அடுத்து பெரியசாமி அண்ணாச்சியின் மைக் ஆட்டோ கிளம்பியது. "பல்லே பொய்! அந்தச் சொல்லு மட்டும் எப்படி மெய்?" என்று தெருத்தெருவாகக் கத்தியது.

செட் எங்கோ ஈறில் உரசுகிறது என்று சரோஜாக்கா வந்தபோதுதான் இதைச் சொன்னார். பின்னறையில், என் மேசைக்கு எதிரே, சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். "கழட்டி வச்சுட்டுப் பழையபடி போயிரலாம்னு இருக்கு டாக்டரம்மா. அப்பமாவது பாவம்னு ரெண்டு ஓட்டு விழும்."

அவர் தலைக்கு நேர் மேலே, அலமாரியில், பெரியசாமி அண்ணாச்சியின் வாய் இருந்தது. ஆமாம். மேலும் கீழும் முழு செட். ஊர்ச் சுவரெல்லாம் சிரிக்கிற அந்தச் சிரிப்பு மொத்தமும் என் கை வேலை. பின்வாசல் வழியாக வந்து, மாட்டிக்கொண்டு போய், அது செட் என்பது தன் சம்சாரத்துக்கே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர்.

என் நாக்கு துடித்தது. சொல்லத்தான் கூடாது, பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. அலமாரியைப் பார்த்தேன். சரோஜாக்காவைப் பார்த்தேன். மறுபடியும் அலமாரியைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். "என்ன தம்பி, கண்ணுல தூசியா?" என்று கேட்டார் அவர்.

"குருசாமி" என்றார் டாக்டரம்மா. "முன்னால போய் பஞ்சு எடுத்துட்டு வாங்க." பஞ்சு என் மேசையிலேயே இருந்தது. ஆனால் கீர்த்தனை தொடங்கிவிட்டதால் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மதினி வீட்டில் கறிக்குழம்பு என்று சாக்குச் சொல்லிவிட்டு, பாக்கியத்தோடு அந்தக் கிராமத்துக்குப் போனேன். மதினி வீடு கீழத்தெரு முனையில் இருக்கிறது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சரோஜாக்கா ஓட்டுக் கேட்டு வந்தார். கூட்டத்தில் ஒருவன், "யக்கா, அது பொய்ப்பல்லாமே?" என்று கேட்டான்.

"ஆமாய்யா, செஞ்ச பல்லுதான். உங்க அய்யா கண்ணாடி போட்டுருக்காருல்லா, அவரு கண்ணு பொய்யா? உங்க மாமன் கம்பு ஊணி நடக்காரு, நடை பொய்யா?"

"செரிக்கா, கோவப்படாதிய."

"கோவப்படல. பல்லு தெரியுதுல்லா, உனக்கு அப்படித் தோணுது."

தெரு சிரித்தது. அவர் கழற்றவில்லை என்று எனக்கு நிம்மதி. மதினி கொடுத்த கொய்யாவை நறுக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் வைத்து மெதுவாக மென்று தின்றுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் கையில் எதையாவது கொடுப்பார்கள். வாங்கி அங்கேயே வாயில் போடவேண்டும். மாட்டேன் என்றால் அந்த வீட்டு ஓட்டு போச்சு. அதிலும் கீழத்தெருவில் பெரியசாமி அண்ணாச்சி அதற்கு முன்னால் எந்த வீட்டிலும் கை நனைத்ததில்லை. அது தெருவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் வந்தார். சுவரில் இருக்கிற அதே சிரிப்பு. மதினி ஆசையாக ஒரு முழுக் கொய்யாவை நீட்டினாள். "எங்க கொல்லையில காச்சது அண்ணாச்சி. கடிச்சுப் பாருங்க, சீனி மாதிரி இருக்கும்."

பாம்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "பொறவு சாப்பிடுதேன் தாயி" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வீட்டில் முறுக்கு; அதுவும் பைக்குள். அதற்கடுத்த வீட்டில் கடலைமிட்டாய். பை கனத்து, வேட்பாளர் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார்.

"பாத்தியாடி, நம்ம வீட்டுல வாயத் தொறக்க மாட்டாராம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "பையில போட்டுட்டுப் போயி ரோட்டுல எறிவாரு."

மதினி முகம் சுருங்கிப்போனது.

அந்தத் தெருவிலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். முழு செட் போட்டவன் கொய்யாவை முன்பல்லால் கடித்தால், செட் பின்னால் தூக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். வராவிட்டால், ஒரு விதை அடியில் போய் உட்கார்ந்து, செருப்புக்குள் முள் போனது போலக் குத்தும். அவருக்கு ஈறு வற்றிப்போய் செட் ஆடிக்கொண்டிருந்தது. வருஷம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியும், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வரவில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டார். வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் கும்பிட்டது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'இளக்காரம் இல்லம்மா, அவருக்குப் பல் இல்லை' என்றால் தெருவின் கோபம் தீரும். மைக் ஆட்டோவின் மானமும் போகும். சொல்லாவிட்டால் சரோஜாக்காவுக்கு லாபம். நான் சொல்லவில்லை. டாக்டரம்மா சட்டத்துக்காகவா, சரோஜாக்காவுக்காகவா என்று என்னிடம் கேட்காதீர்கள். "மதினி, இன்னும் செத்தக் குழம்பு ஊத்துங்க" என்று உள்ளே போய் வாயை நிரப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே பின்வாசல் தட்டுகிற சத்தம்.

"ஏலே குருசாமி, ஒரு கொய்யா கடிக்கிற மாதிரி செஞ்சு தாலே. கீழத்தெருவே என்னையத் தப்பா பேசுது. நான் அப்படிப்பட்டவனாலே?"

"பல்லு நல்லா இருந்த காலத்துல அங்க எந்த வீட்டுலயாவது சாப்பிட்டிருக்கியளா அண்ணாச்சி?"

அவர் சுவரைப் பார்த்தார்.

டாக்டரம்மா பழைய செட்டுக்குள் பசை பூசி, வாயில் வைத்து, கடிக்கச் சொல்லி, ஈறின் புதிய அச்சை எடுத்தார். இனி என் வேலை. செட்டைப் பித்தளைக் குடுவைக்குள் பிளாஸ்டரில் புதைத்து, பசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் மாவை வைத்து அமுக்கி, வெந்நீரில் வேகவைத்து, அவசரப்படாமல் ஆறவிட்டு, தேய்த்து மெருகேற்றவேண்டும். சாயங்காலம் ஆகும். அதுவரை செட் இல்லை. அண்ணாச்சி பின்னறை மூலையில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், என் கை அரித்தது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்கிற கடியில் ஒரு மணல் அளவு உயர்த்திவிட்டால் போதும். ஒவ்வொரு வார்த்தைக்கும் மேல் செட்டும் கீழ் செட்டும் முட்டி டக் டக் என்று தாளம் போடும். மைக்கில் இன்னும் நன்றாகக் கேட்கும்.

டாக்டரம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்தம்மா பாவம்ல டாக்டரம்மா?" என்றேன் மெதுவாக.

"பாவம்தான்" என்றார். "சாயங்காலம் கடியை நான் பார்ப்பேன், குருசாமி."

அன்றைக்கு நான் செய்தது மாதிரி ஒரு கடியை அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை.

அதற்குள் மதியம் ஒரு விபரீதம். பழைய உரசல் மறுபடியும் வந்துவிட்டது என்று சரோஜாக்கா முன்வாசல் வழியாக வந்துவிட்டார். டாக்டரம்மா முன்னறையிலேயே சரிசெய்து கொடுத்தார். வாய் கொப்பளிக்கிற தொட்டியோ பின்னறையில் இருக்கிறது. நான் கையை விரித்துத் தடுப்பதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

மூலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். நின்றார். அண்ணாச்சியின் கை துண்டை இன்னும் இறுக்கியது. அந்தக் கை சரோஜாக்காவுக்குத் தெரியாத கையா? அதே இடத்தில், அதே மாதிரி, பாதி வாழ்க்கை தானே வைத்திருந்த கை. மேசைமேல் குடுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கும்பிடுதேன் அண்ணாச்சி" என்றார்.

துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல்.

சரோஜாக்கா நிதானமாகத் தொட்டிக்குப் போனார். செட்டைக் கழற்றிக் குழாயில் கழுவினார். மாட்டினார். முகம் துடைத்தார். வெளியே போகிறவர் கதவருகே திரும்பினார். "முன்பல்லால கடிக்காதிய அண்ணாச்சி. சின்னதா நறுக்கித் தரச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் வச்சு மெல்லுங்க. விதைய மெல்லாம முழுங்கிருங்க. டாக்டரம்மா எனக்குச் சொல்லித் தந்தாக."

போய்விட்டார்.

துண்டை இறக்கி, "இவ இத வச்சு என்னலே செய்வா?" என்று பொக்கை வாயால் கேட்டார் அண்ணாச்சி.

"தெரியல அண்ணாச்சி. நானா இருந்தா இன்னேரம் மைக்குக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன்."

ஆனால் சரோஜாக்கா ஒன்றும் செய்யவில்லை. அண்ணாச்சியின் ஆட்டோவில் பொய்ப்பல் பாட்டு அன்றைக்கே நின்றுபோனது. அடுத்த நாள் அவர் கீழத்தெருவுக்குத் தானே போய், மதினியிடம் கொய்யா கேட்டு வாங்கி, நறுக்கச் சொல்லி, தெருவே பார்க்கத் தின்று, விதையை விழுங்கினாராம். "நம்ம வீட்டுல கை நனைச்சுட்டாருல்லா!" என்று ஒரே ஆரவாரமாம். நறுக்கிக் கொடுத்தது மதினிதான்.

பெரியசாமி அண்ணாச்சி ஜெயித்தார். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான். அந்தக் கொஞ்சம் கீழத்தெருவிலிருந்து கொய்யாவுக்கு விழுந்தது என்று மதினி சொன்னாள். அதில் அவளுடையதும் உண்டா என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் எனக்குக் கறிக்குழம்பு தொடரவேண்டும். சரோஜாக்காவைப் பேசவைத்த மேல் வரிசையும் நான் செய்தது. அவரைத் தோற்கடித்த கடியும் நான் செய்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னதைப் பாக்கியம் நம்பவில்லை.

குடியரசு தினத்தன்று அங்கே கிராம சபைக் கூட்டம். விடுமுறைதானே என்று போய்ப் பின்னால் நின்றேன். சரோஜாக்கா எழுந்தார். கணீரென்று கேட்டார்: "கீழத்தெருவுக்கு முதல்ல வால்வு தொறந்தா என்ன? மேலத்தெரு டேங்குக்குப் பக்கத்துலதான இருக்கு?"

"அதுல பல சிக்கல் இருக்கும்மா. பரிசீலனை பண்ணி, பொறவு..." என்று ஆரம்பித்தார் தலைவர்.

சரோஜாக்கா மெதுவாக முந்தானையை எடுத்து, பழையபடி, வாயைப் பொத்திக்கொண்டார். தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "சரிம்மா... நாளையிலேர்ந்து கீழத்தெருவுக்குத்தான் முதல் தண்ணி. எழுதிக்கோங்கய்யா!"

எனக்குப் பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் பூரித்துப்போனார். "பாத்தியளா, இப்பம் எம்புட்டு அடக்கமா கேட்டா! கேக்குற மாதிரி கேட்டா ஏன் கெடைக்காது?" கொடியேற்றத்துக்குக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய் எனக்குத் தொண்டையில் சிக்கிவிட்டது.

இதையெல்லாம் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். அண்ணாச்சி இப்போது ஒளிப்பதில்லை. அரசியலை விட்டபிறகு கல்யாணப் பந்தியில் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் பாயாசம் குடிக்கிறார். எழுதிக்கொள்ளச் சொல்லி அவரே சிரித்தார், பொக்கை வாயோடு. அந்தச் சிரிப்பு நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. சரோஜாக்காவும் சரி என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். அந்தப் பக்கம் கீர்த்தனை கேட்டது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கிராம சபை நடந்து சில நாள் கழித்து மறுபடியும் மதினி வீட்டுக்குப் போனபோது, தெருக்குழாயில் சரோஜாக்கா குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் நிற்காதே. பக்கத்தில் போய்க் கேட்டுவிட்டேன்: "அக்கா, அன்னிக்குப் பின்னறையில பாத்தத மைக்குல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு அந்த நாற்காலியில நீங்கல்லா உக்காந்திருப்பிய? ஏன் விட்டிய?"

அவர் குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி வருதா, இல்லையா?"